பாதி ரசனை ஒத்தால் போதும்

வாசகி, திருச்சி: புதுப்புதுப் பாட்டாக எங்கிருந்துதான் பிடிக்கிறீர்கள்?

பாட்டை நான் தேடுவதில்லை. தேடிக்கொண்டே இருக்கிற சிலரைத் தேடி வைத்திருக்கிறேன். அலைச்சல் அவர்களுக்கு, நல்ல பெயர் எனக்கு.

ஓர் அப்பா, கோயம்புத்தூர்: மகன் நாள் முழுக்க ஸ்பாட்டிஃபையில்தான் கிடக்கிறான். அவனுக்கு என்ன பிடிக்கும் என்பது பெற்ற எங்களுக்கே தெரியவில்லை, அதற்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஒட்டுக் கேட்கிறதா?

ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எதை முழுசாகக் கேட்டான், எதைப் பாதியில் தள்ளினான், எதைத் தன் பட்டியலில் சேர்த்தான் என்று எல்லாவற்றையும் அவனே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் சூட்சுமம் உங்கள் மகனிடம் இல்லை, உங்கள் மகனைப் போன்ற மற்றவர்களிடம் இருக்கிறது.

1994-க்குப் போவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உபேந்திர ஷர்தானந்த் என்ற மாணவரும், பாட்டி மேஸ் என்ற பேராசிரியையும் சேர்ந்து 'ரிங்கோ' என்று ஒன்றைச் செய்தார்கள். (பாட்டி என்றதும் வயதைக் கூட்டிவிடாதீர்கள். அப்போது அவருக்கு முப்பத்துச் சொச்சம்.) ரிங்கோ மின்னஞ்சலில் வேலை செய்தது. நீங்கள் ஒரு மடல் போட்டால் பாடகர்கள், குழுக்கள் கொண்ட ஒரு பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஏழு வரை மார்க் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் மார்க்கோடு யார் யாருடைய மார்க் ஒத்துப்போகிறது என்று ரிங்கோ பார்க்கும். அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடி, நீங்கள் இன்னும் கேட்காத பெயர்களை உங்களுக்கு எழுதி அனுப்பும். கேட்டால் உங்களுக்கு எரிச்சல் வரக்கூடியவை எவை என்றும் சொல்லும்.

ரிங்கோ தன் வாழ்நாளில் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ராகம் தெரியாது, தாளம் தெரியாது. கல்யாணத் தரகர் மாதிரி, மணமக்களைப் பார்க்காமலே ஜாதகத்தை மட்டும் வைத்துப் பொருத்தம் சொன்னது. அதுவே ஃபயர்ஃப்ளை என்ற நிறுவனமாக வளர்ந்து, 1998-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கள்கிழமைதோறும் முப்பது பாட்டு கட்டித் தருகிறதே, 'டிஸ்கவர் வீக்லி', அதன் அடித்தளமும் இதே கணக்குதான். உங்கள் மகன் கேட்கும் இரண்டு பாட்டு, முன்பின் தெரியாத எவனோ ஒருவன் தன் பட்டியலில் போட்டிருக்கும் மூன்று பாட்டில் இருந்தால், அந்த மூன்றாவது பாட்டு இவனுக்கு வந்து சேரும். இப்போது இயந்திரம் ஒலியையும் அலசுகிறது, சரி. இருந்தாலும் பெரும்பகுதி வேலையை அந்த 'எவனோ ஒருவன்'தான் சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறான். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மென்பொருள் ஊழியர், பெங்களூரு: அப்புறம் என்ன சார், மெஷினே போதுமே. மனுஷன் எதற்கு?

சண்டை போட. "இதையெல்லாம் ஒரு பாட்டுன்னு அனுப்புறியே" என்று இயந்திரத்தைக் கேட்க முடியாது. கேட்டாலும் கோபித்துக்கொண்டு, ஏன் அனுப்பினேன் என்று கால் மணி நேரம் விளக்காது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் பாட்டு பிடிக்க ஆரம்பிக்கும்.

உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ரசிகர்கள் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார்கள் என்று கணிக்கும் தங்கள் முறையைப் பத்து சதவீதம் துல்லியமாக்கிக் காட்டினால் பரிசு. உலகத்துப் புள்ளியியல் மூளைகளெல்லாம் மூன்று வருஷம் மல்லுக்கட்டின, 2009-இல் ஒரு குழு வாங்கியது. இடையில் அவர்களைப் படாதபாடு படுத்திய படம் ஒன்று உண்டு. 2004-இல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' என்ற சின்ன பட்ஜெட் காமெடி. எல்லா விதத்திலும் ஒத்த ரசனை உள்ள இரண்டு பேரில் ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுவார், மற்றவர் ஒன்றுதான் போடுவார். யார் எது போடுவார் என்று கணிக்கவே முடியவில்லை. அவர்களுடைய நண்பர்களைக் கேட்டிருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பார்கள்.

இல்லத்தரசி, மயிலாப்பூர்: கணவருக்கு இந்துஸ்தானி. எனக்குக் கானா. வீட்டில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், ஒரே கணக்கு. என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் வியாசர்பாடியில் பிறந்து குவாலியரில் வளர்ந்த ஒருவர் குடியிருப்பதாக ஆப் நம்பிக்கொண்டிருக்கும். அவருக்காக அது தேடித் தரும் பாட்டுகளை எனக்கும் அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி: எங்கள் காலத்தில் கம்ப்யூட்டரும் கிடையாது, கணக்கும் கிடையாது. நல்ல பாட்டு எங்களைத் தேடி வரவில்லையா?

வந்தது ஐயா, கொழும்பிலிருந்து வந்தது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதைக் கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்துவிட்டார். ரசிகர்கள் திருந்திச் சாஸ்திரிய சங்கீதம் கேட்பார்கள் என்று நினைத்தார். ரசிகர்கள் ரேடியோ முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதே ஆண்டு இறுதியில் அமீன் சயானி அங்கே 'பினாகா கீத்மாலா' தொடங்க, இந்தியாவே புதன்கிழமை ராத்திரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி இறங்கிவந்தது.

அங்கே தமிழுக்கு அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. உங்கள் பக்கத்துக் கடலோரத்துக்காரர்களுக்குத் திருச்சியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய தலைமுறை உங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் சொல்ல வருவது அந்த 'விரும்பிக் கேட்டவர்கள்' பட்டியலைப் பற்றி. பாட்டு மூன்று நிமிஷம் என்றால் பெயர்கள் ஒன்றரை நிமிஷம். ஊர் பேர் தெரியாத யாரோ எழுதிய அஞ்சலட்டையை நம்பித்தான் நாடே ஒரு பாட்டைக் கேட்டது. வடக்கே ஜும்ரி தலையா என்றொரு சின்ன ஊர், இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. மைக்கா வெட்டி எடுத்த ஊர். ஆனால் இந்தியா முழுக்க அது தெரிந்தது மைக்காவால் அல்ல. எந்த நிகழ்ச்சியானாலும், எந்தப் பாட்டானாலும், விரும்பிக் கேட்டவர்களில் ஜும்ரி தலையாக்காரர் ஒருவர் இருப்பார். நேயர் சங்கம் வைத்து, போட்டி போட்டு, கட்டுக்கட்டாக அட்டை எழுதினார்கள். இப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா, அறிவிப்பாளர்கள் கற்பனையா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு.

ரிங்கோ 1994-இல் செய்த வேலையை இவர்கள் அஞ்சலட்டையில் செய்தார்கள். பெயரை மறைக்காமல் செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை: கேசட் ரெக்கார்டிங் கடையை மறந்துட்டீங்களே?

மறப்பேனா! எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை தமிழ்நாட்டின் மிகச் சிறந்த சிபாரிசு இயந்திரம் அந்தக் கடையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன்தான். நோட்டுத் தாளைக் கிழித்துப் பட்டியல் எழுதி, காலி கேசட்டோடு கொடுப்போம். அறுபதா, தொண்ணூறா என்பார். தொண்ணூறு என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். நாம் எழுதிய பாட்டுகள் நாற்பத்தோரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்த பாட்டைத் தொடங்கினால் சரணத்தில் அறுந்துபோகும். மனசாட்சி உள்ள கடைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். மிச்சமிருக்கிற நாலு நிமிஷத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பாட்டைத் தானாகவே போட்டு நிரப்புவார், நம் பட்டியலைப் படித்து, நம் போக்கு என்ன என்று கண்டுகொண்டு. வீட்டில் வந்து போட்டால் கடைசியில் நாம் கேட்காத ஒரு பாட்டு வரும். அடுத்த முறை பட்டியலில் முதல் வரியாக அதே பாடகரின் பெயரை எழுதிக்கொண்டு போவோம்.

டிஸ்கவர் வீக்லி முப்பது பாட்டில் செய்வதை அவர் ஒரே பாட்டில் செய்தார். காப்புரிமைச் சட்டத்தை இந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: பாட்டு சரி. நல்ல இணையதளங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கூகுள் இல்லாத காலம் ஒன்று இருந்ததாமே?

இருந்தது தாயி, உயிரோடுதான் இருந்தோம். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்களுக்குப் பிடித்த தளங்களைக் கையாலேயே வகைபிரித்து அடுக்கினார்கள். அதுதான் யாஹூ ஆனது. மறு ஆண்டு சேஜ் வெயில் என்ற அமெரிக்க இளைஞர் 'வெப்ரிங்' செய்தார். ஒரே விஷயத்தில் பித்துப் பிடித்தவர்களெல்லாம் தங்கள் பக்கங்களை வட்டமாகக் கோத்துக்கொள்வார்கள். தபால்தலைக்காரர் பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்று ஒரு பொத்தான், அமுக்கினால் இன்னொரு தபால்தலைக்காரர். அமுக்கிக்கொண்டே போனால் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். தமிழில் 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' இருந்தது. வலைப்பதிவர்கள் எங்கெங்கோ எழுதியதையெல்லாம் ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. துபாயில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர், திருப்பூரில் ஒருவர் ஒரே விஷயத்துக்காக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, பிறகு நண்பர்களானது அங்கேதான்.

ஆனால் எனக்கு மனசு ஆறாதது 'டெலிஷியஸ்' பற்றித்தான். ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003-இல் செய்தது. பார்க்க ஒரு அழகும் கிடையாது, வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து. பிடித்த தளத்தைச் சேமித்து வைப்போம், நமக்கு வேண்டிய குறிச்சொல்லைப் போடுவோம், 'கோலம்', 'ரயில்', 'வயலின்' என்று. அவ்வளவுதான். ஆனால் சேமித்ததும் பக்கத்தில் ஓர் எண் வரும்: இதே தளத்தை இன்னும் இத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள். எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் விட்டுவிட வேண்டும், அது ஊரறிந்த தளம். இரண்டு, மூன்று என்றிருந்தால்தான் விசேஷம். பழைய நீராவி எஞ்சின்களின் படங்கள் உள்ள ஒரு மூலையைச் சேமித்திருப்போம், உலகத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள் அதைச் சேமித்திருப்பார். அந்த எண்ணை அமுக்கினால் அவருடைய பெயர். பெயரை அமுக்கினால் அவர் சேமித்த அத்தனையும். எஞ்சின் இருக்கும். அதற்கடியில் ஜப்பானிய மரவேலை, அதற்கடியில் மாலி நாட்டு கோரா இசை, அதற்கடியில் ஊறுகாய் போடும் முறை. எஞ்சினைத் தேடிப் போய் கோராவோடு திரும்பி வருவோம். எந்தத் தேடுபொறியிலும் நாம் 'கோரா' என்று தட்டியிருக்க மாட்டோம், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதே மாணவி: அவையெல்லாம் இப்போது எங்கே?

நல்ல விலைக்குப் போய்விட்டன. டெலிஷியஸை 2005-இல் யாஹூ வாங்கியது, சில வருஷம் வைத்திருந்து 2011-இல் கைமாற்றிவிட்டது, கடைசியில் 2017-இல் ஒரு சிறு போட்டியாளர் வாங்கிக் கதவைச் சாத்தினார். பொத்தானை அமுக்கினால் உங்கள் விருப்பத்துக்கு ஏற்ற ஏதோ ஒரு தளத்தில் கொண்டு இறக்கிவிடும் 'ஸ்டம்பிள்அப்பான்' நினைவிருக்கிறதா? 2007-இல் ஈபே 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவியவர்களே இரண்டு வருஷத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜூனில் மூடியாகிவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான காரெட் கேம்ப்தான் பிற்பாடு ஊபரையும் தொடங்கினார். முன்னதில் எங்கே இறக்கிவிடுவார் என்று தெரியாது, ஆனால் இலவசம்.

கூகுள் ரீடரில் நண்பர்கள் படித்ததில் பிடித்ததை நம் கண்ணில் காட்டும் வசதி இருந்தது. 2011-இல் அதை எடுத்தார்கள், 2013 ஜூலையில் ரீடரையே எடுத்தார்கள். 2007-இல் 28 கோடி டாலர் கொடுத்து அமெரிக்க சி.பி.எஸ். வாங்கிய 'லாஸ்ட்.எஃப்எம்' மட்டும் இன்னும் மூச்சு விடுகிறது. நீங்கள் கேட்பதையெல்லாம் குறித்து வைத்து, உங்களைப் போலவே கேட்கிறவர்களை 'அண்டை வீட்டார்' என்று பெயரோடு காட்டும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் செய்த புராஜெக்ட் அதன் ஒரு பாதி. உங்கள் கல்லூரியில் புராஜெக்ட்டை விலைக்கு வாங்குவார்கள், அங்கே விலைக்கு விற்றார்கள்.

வாங்கிய பெரிய கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது கூட்டம். இந்தத் தளங்கள் செய்துகொடுத்ததோ அறிமுகம். இரண்டும் ஒரே கல்லாவில் விழாது.

பெயர் வேண்டாம், சென்னை: பாட்டு ரசனை அப்படியே ஒத்துப்போகிற பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்து என்ன?

முதலில் சேர்ந்து ஒரு பிளேலிஸ்ட் போடுங்கள். பத்திரிகை அடிக்க அவசரப்படாதீர்கள். வால்யூம் எவ்வளவு வைப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் உடைகின்றன.

இசைப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்: இணையதளம் ஒன்றால் ஒரு கலைஞருக்கு நிஜமாகவே நல்லது நடந்ததாகச் சொல்ல முடியுமா?

ஒருவரை உயிர்த்தெழவே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சிக்ஸ்டோ ராட்ரிகஸ் என்று ஒரு பாடகர். 1970-இல் 'கோல்ட் ஃபேக்ட்', 1971-இல் இன்னொன்று என்று இரண்டு ஆல்பம் போட்டார். சொந்த நாட்டில் ஈ, காக்கா வாங்கவில்லை. கம்பெனி கைவிட்டது. மனிதர் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

அந்த 'கோல்ட் ஃபேக்ட்' எப்படியோ தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறவெறி அரசின் இறுக்கத்தில் வளர்ந்த வெள்ளை இளைஞர்களிடம் அது டேப்பில் டேப்பாகப் பெருகியது. ஒருவர் நண்பருக்குப் பதிந்து கொடுப்பார், அவர் ராணுவ முகாமுக்குக் கொண்டுபோவார். அங்கே தமக்கு இருந்த புகழ் ராட்ரிகஸுக்கே தெரியாது. ரசிகர்களுக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்ற வதந்தியைத் தவிர. துப்பாக்கியா, தீயா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

ஸ்டீஃபன் செகர்மன் என்ற ரசிகருக்கும், கிரெய்க் பார்த்தலமியூ என்ற பத்திரிகையாளருக்கும் தனித்தனியாக ஒரே அரிப்பு: இந்த ஆள் யார், எப்படிச் செத்தார்? இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். பார்த்தலமியூ பாட்டு வரிகளில் ஊர்ப் பெயர் ஏதாவது வருகிறதா என்று துழாவி, டெட்ராய்ட் பக்கத்து டியர்பார்னைப் பிடித்து, அங்கிருந்து தயாரிப்பாளர் வரை போனார். ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்றார் தயாரிப்பாளர். இதற்கிடையே 1997-இல் ராட்ரிகஸைத் தேடுகிறோம் என்று ஒரு இணையதளம் போட்டிருந்தார்கள். அதை ஒரு நாள் ராட்ரிகஸின் மகள் ஈவா பார்த்தார். அவர் எங்கள் அப்பா என்று அதில் எழுதினார். 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் இறங்கிய ராட்ரிகஸ், அரங்கு நிறைந்த கச்சேரிகள் செய்துவிட்டு டெட்ராய்ட் திரும்பி மறுபடி வேலைக்குப் போனார். இது 2012-இல் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்ற ஆவணப்படமாகி ஆஸ்கரும் வாங்கியது. 2023-இல் தம் 81-ஆவது வயதில் அவர் காலமானார்.

படம் நைசாக விட்டுவிட்ட ஒரு விஷயம் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அவருக்கு ரசிகர் கூட்டம் இருந்தது. 1979-லும் 1981-லும் அங்கே போய்க் கச்சேரியே செய்திருக்கிறார். அந்த ரசிகர்களுக்கும் இந்த ரசிகர்களுக்கும் இடையே ஒரு கடிதம் போயிருந்தால், செத்தவர் பதினேழு வருஷம் முன்பே பிழைத்திருப்பார்.

தமிழாசிரியர், திண்டுக்கல்: நம் ஊர் இசையின் அருமையைக்கூட வெள்ளைக்காரன் வந்துதான் சொல்ல வேண்டுமா?

வேண்டாம்தான். ஆனால் நாம் சொல்லவில்லையே. சரண்ஜித் சிங் என்று பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்த கலைஞர். 1982-இல் புதிதாக வந்த ரோலண்ட் சிந்தசைசர்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி.யில் ஓர் இசைத்தட்டு போட்டார். யாரும் சீந்தவில்லை. இருபது வருஷம் கழித்து, இந்தி சினிமா இசைப் பித்தரான எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பழைய கடையில் அதை எடுத்துக் கேட்டார். ஆடிப்போய்விட்டார். 1987-இல் சிகாகோவில் பிறந்ததாக உலகம் நம்பிக்கொண்டிருந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் ஒலி, அதற்கு ஐந்து வருஷம் முன்பே பைரவ் ராகத்தில் வந்துகொண்டிருந்தது. சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010-இல் தட்டை மறுபடி வெளியிட்டார். எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டுத்தான் 2015-இல் போனார் சிங்.

பிற்பாடு இங்கிலாந்தின் 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' கம்பெனி, இளையராஜாவின் 1977-83 காலத்து சிந்தசைசர் பாட்டுகளைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்று வெளியிட்டதும் இந்த வகைதான். நாம் அவரை கிராமத்து இசைக்காகவும் வயலின்களுக்காகவும் கொண்டாடிக்கொண்டிருந்தோம், சரியாகவே. மான்செஸ்டர் காது வேறு இடத்தில் நின்று கேட்டது. வெள்ளைக்காரன் என்பதால் அல்ல, நம்மோடு பாதிதான் ஒத்துப்போகிறவன் என்பதால்.

வங்கி ஊழியர், ஈரோடு: பத்துக் கோடி பேர் பார்த்த பாட்டு நல்ல பாட்டாகத்தானே இருக்க முடியும்?

பத்துக் கோடி பேர் பார்த்தார்கள் என்று சொல்லாமல் போட்டுக் காட்டியிருந்தால் பார்த்திருப்பார்களா? இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அறிமுகமே இல்லாத குழுக்களின் 48 பாட்டு, கேட்க 14,000-க்கு மேற்பட்ட ஆட்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற கணக்கையும் காட்டினார்கள். உலகத்துக்கு உலகம் ஹிட் மாறியது. '52மெட்ரோ' என்ற குழுவின் ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது. அதே பாட்டு, முதலில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் வேறு. படுமோசமான பாட்டு மேலே வந்ததும், ரொம்ப நல்ல பாட்டு அடியில் போனதும் அபூர்வம். நடுவில் இருந்த எல்லாம் அதிர்ஷ்டம்.

இந்த வருஷ ஹிட்களில் பாதி அந்த 'நடுவில்' ரகம் என்பது என் சொந்தக் கருத்து. தயாரிப்பாளர்கள் கோபிக்க வேண்டாம்.

இளம் தாய், சேலம்: வருஷக் கடைசியில் ஆப் எனக்கு முதலிடம் கொடுத்த பாடகர், யாரோ தாலாட்டுப் பாடுகிறவர். அவமானமாக இருக்கிறது.

குழந்தை வளர்ந்ததும் அந்தக் கணக்கை அவன் பெயருக்கு எழுதிவைத்துவிடுங்கள்.

குரூப் அட்மின், தூத்துக்குடி: வாட்ஸ்ஆப்பில் தினம் நாற்பது லிங்க் வருகிறது. எதைத் திறப்பது?

கூடவே அனுப்பியவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தால் திறக்கலாம். வணக்கமும் ரோஜாப்பூவும் மட்டும் இருந்தால் அவரே திறந்திருக்க மாட்டார்.

பட்டதாரி இளைஞர், விருதுநகர்: ரசனை ஒத்த ஆளைத் தேடு என்று சொல்வது சுலபம். எங்கே தேடுவது? எங்கள் ஊரில் நான் ஒருவன்தான் ஜாஸ் கேட்கிறேன்.

உங்கள் ஊரில் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ! சரி, விஷயத்துக்கு வருவோம். முழுக்க ஒத்த ஆளைத் தேடாதீர்கள், அவரால் பிரயோஜனமில்லை. உங்களிடம் இருப்பதுதான் அவரிடமும் இருக்கும். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், 1973-இல் வெளியான தம் ஆய்வுக்காக, வேலை கிடைத்தவர்களைப் பிடித்து, யார் மூலம் தகவல் தெரிந்தது என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கிற நெருங்கியவர் சொன்னதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மீதிப் பேருக்கு எப்போதோ பார்க்கிற, அரைகுறைப் பழக்கமுள்ள ஆள்தான் சொல்லியிருந்தார். வேலைக்குச் சரியாக இருப்பது பாட்டுக்கும் சரியாகத்தான் இருக்கிறது. பாதி ஒத்தால் போதும்: ஒத்த பாதி நம்பிக்கைக்கு, ஒவ்வாத பாதி வரவுக்கு.

இடம் கேட்டீர்கள். 'பேண்ட்கேம்ப்' தளத்துக்குப் போய், உங்களுக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாத ஆல்பம் ஒன்றைத் திறங்கள். பக்கத்தில் குட்டிக் குட்டியாக முகங்கள் இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். சிலர் எந்தப் பாட்டு பிடித்தது, ஏன் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த வரி உங்கள் மனசில் இருந்ததைச் சொன்னால் முகத்தை அமுக்குங்கள், அவர் வாங்கிய மற்ற எல்லாம் வரிசையாக வரும். டெலிஷியஸ் செத்தபின் எனக்குக் கிடைத்த ஆறுதல் இது. காசு கொடுத்தவன் சிபாரிசு பொய் சொல்லாது.

டிசம்பரில் சென்னைக்கு வர முடிந்தால் இன்னும் சுலபம். ஏதாவது ஒரு சபாவில் பகல் கச்சேரிக்குப் போங்கள், பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருடைய பக்கத்து நாற்காலிக்கு நகருங்கள். முடிந்ததும், நாளைக்கு எங்கே சார் போறீங்க என்று கேளுங்கள். அவர் பையிலிருந்து ஒரு மாதத்துக்கான பட்டியல் வரும், அடிக்கோடு போட்டு.

பல வாசகர்கள், பல ஊர்கள்: இவ்வளவு பேசுகிறீர்களே, எங்களுக்கு ஒரே ஒரு பாட்டு சிபாரிசு செய்யுங்களேன்.

ஆளைத் தெரியாமல் செய்ய மாட்டேன். ஒரு அஞ்சலட்டையில் உங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டு எழுதுங்கள். கூடவே, ஊரே கொண்டாடி உங்களுக்கு மட்டும் பிடிக்காத பாட்டு ஒன்று. அந்த நாலாவதில் பொய் சொல்லாதீர்கள், மூன்றைவிட அதுதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். பாதி ஒத்துப்போகிற இருவர் இருவராகப் பார்த்து, ஒருவர் பட்டியலை மற்றவருக்கு அனுப்பிவைக்கிறேன். முகவரி தெளிவாக இருக்கட்டும், பின்கோடு முக்கியம்.